பெற்ற கடனும் பெறாத கடனும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று கடமை. மற்றொன்று திருப்பித் தர வேண்டிய பணம். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன் என்று சொல்லும்போது நாம் பணத்தை நினைப்பதில்லை. கைக்கடன், வட்டிக்கடன், வங்கிக்கடன் என்று சொல்லும்போது பணத்தைத் தவிர வேறு எதையும் நினைப்பதில்லை. ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமப்பது மொழிக்கு அழகுதான். ஆனால், வீட்டுக்குள் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அதிலிருந்து ஒரு தீங்கு பிறக்கிறது. பெற்றவர் பிள்ளையின் பெயரில், பிள்ளைக்குத் தெரியாமல், பிள்ளையின் கையெழுத்தைத் தாமே போட்டுக் கடன் வாங்குவதுதான் அந்தத் தீங்கு. செய்தி வெளிப்படும்போது, "பெற்ற கடனுக்கு இதைக்கூடச் செய்யக் கூடாதா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் கடமையும் பணமும் ஒன்றாக்கப்பட்டுவிட்டதை யாரும் கவனிப்பதில்லை.

நம்மில் பலர் பேச்சுப் போட்டிகளில் எடுத்துக்காட்டிய பாடல் ஒன்று புறநானூற்றில் உண்டு. பொன்முடியார் பாடிய 312ஆம் பாடல் அது. பெற்று வளர்ப்பது தாயின் கடன். மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன். வேல் செய்து தருவது கொல்லனின் கடன். நல்லொழுக்கம் தருவது வேந்தனின் கடன். களம் சென்று மீள்வது மகனின் கடன் என்று அப்பாடல் பிரித்துச் சொல்கிறது. போர்க்காலப் பாடல்தான். ஆயினும் அதன் ஒழுங்கைப் பாருங்கள். ஐவருக்கும் ஆளுக்கொரு கடன். ஒருவர் கடன் மற்றவர் தலையில் ஏற்றப்படவில்லை. தந்தையின் கடனை மகன் பெயரில் எழுதும் வழக்கம் அங்கே இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெற்றோர் நம் பெயரில் ஏமாற்றி வாங்கிய கடன் நம் கடன் அன்று. அதை எழுத்துப்பூர்வமாக மறுப்பது நன்றி கெட்ட செயலும் அன்று. மறுக்க வேண்டிய நேரத்தில் மறுக்காமல் மூடி மறைப்பதுதான் குடும்பத்தை அழிக்கிறது.

இதை ஏட்டுச் சுரைக்காயாக நான் எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கோலா குபு பாருவில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் கடிதம் என் பெயருக்கு வந்தது. தவணை கட்டாத மோட்டார் சைக்கிளுக்கு ஏழாயிரம் வெள்ளிக்கு மேல் பாக்கி என்றது கடிதம். எனக்கு மோட்டார் சைக்கிள் உரிமம்கூட இல்லை. விசாரித்தபோது ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன: மின்சாரப் பொருள் கடையில் ஒரு தவணைக் கணக்கு, இரண்டு கைப்பேசி எண்கள். எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரம் வெள்ளியைத் தொட்டது. பல்கலைக்கழகத்தில் சேர்வதற்காக அடையாள அட்டையைப் பத்துப் பன்னிரண்டு நகல் எடுத்து அடுப்படி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மிஞ்சிய நகல்கள் அப்பாவின் கைக்குப் போயிருந்தன.

என் அப்பா சூதாடியோ குடிகாரரோ அல்லர். தோட்டத்தில் வளர்ந்து, தோட்டம் கைமாறிய பின் தொழிற்சாலைக் காவலராக வேலை பார்ப்பவர். வட்டி முதலையிடம் பட்ட கடனை அடைக்க வழியில்லாமல், தம் பெயரில் வங்கி கடன் கொடுக்காத நிலையில், என் பெயரில் மோட்டார் சைக்கிள் எடுத்து, அதை வந்த விலைக்கு விற்றுப் பணமாக்கியிருக்கிறார். "நீ வேலைக்குப் போறதுக்குள்ள கட்டி முடிச்சிடலாம்னு நெனச்சேன்மா" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பியிருக்கிறார். என் கையெழுத்தை அவரே போட்டார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் நமக்குப் பயிற்சி இல்லை. அப்பா நல்லவர் என்றால் அவர் செய்தது குற்றமாக இருக்க முடியாது என்றும், அது குற்றம் என்றால் அவர் நல்லவராக இருக்க முடியாது என்றும் நினைக்கிறோம்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததா? நான் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்களும் பேசினார்கள். ராசா, பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங் பக்கத்திலிருந்தும், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் வந்து படிக்கும் தோழர்கள் தனியே அழைத்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஒருவர் பெயரில் கார். இன்னொருவர் பெயரில் அவருக்கே தெரியாத ஒரு வியாபாரப் பதிவு. எல்லாரும் சொல்லி முடித்ததும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "வெளிய சொல்லிடாத."

இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடினால் அது நம் தோட்ட வரலாற்றில் இருக்கிறது. நம் முன்னோர் பலர் கங்காணி கொடுத்த முன்பணத்தோடுதான் கப்பலேறினார்கள். மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே கடன். தோட்டத்துக்கு வந்த பின் கடைக் கணக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், தீபாவளித் துணி எல்லாம் கணக்கில்தான். சட்டைப் பையில் அடங்கும் அந்த 555 புத்தகத்தை நம் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்புவார்கள். "அப்பா கணக்குல எழுதிக்கிடுங்க" என்று பிள்ளை சொல்லும்; கடைக்காரர் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் அண்ணன் எல்லார் சம்பளமும் ஒன்றாகிக் கடன் அடையும். அங்கே கடன் ஓர் ஆளின் பெயரில் இல்லை; குடும்பத்தின் பெயரில் இருந்தது. யார் வாங்கினாலும் எல்லாரும் கட்டினார்கள். அது ஏழைகள் ஏழைகளாக வாழ்ந்து பிழைத்த வழி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால், அந்தக் கடைக்காரருக்கு எல்லார் முகமும் தெரியும். வங்கிக்கு முகம் தெரியாது. பன்னிரண்டு இலக்க எண் மட்டும்தான் தெரியும். 2001இல் பேங்க் நெகாரா சிசிஆர்ஐஎஸ் என்னும் மத்தியக் கடன் தகவல் முறையைத் தொடங்கியது. எந்த அடையாள அட்டை எண்ணில் எவ்வளவு வங்கிக் கடன் இருக்கிறது, கடந்த பன்னிரண்டு மாதங்களில் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பது அதில் நிற்கும். இது தவிரத் தனியார் கடன் தகவல் நிறுவனங்களும் உள்ளன. அப்பா கணக்கு, அண்ணன் கணக்கு என்று சேர்த்து எழுதும் 555 புத்தகம் அங்கே செல்லாது. நம் பெற்றோர் தலைமுறை பழைய புத்தகத்தின் மனத்தோடு புதிய கணினியின் முன் நிற்கிறது. மகளின் எண்ணைக் கொடுப்பது குடும்பப் புத்தகத்தில் இன்னொரு வரி எழுதுவது போலத்தான் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வங்கியின் கண்ணில் அது வேறொரு மனிதரின் வாழ்க்கையை அடகு வைப்பது.

பெற்றோர் கடன் பிள்ளையின் கழுத்தில் விழும் கொடுமையை ஒழிக்கத் தமிழர் வாழ்ந்த நாடுகளில் எத்தனை போராட்டம் நடந்தது! இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடன் ஒரு துண்டுத் தாளில் எழுதப்படும். அந்தக் கடனை அடைக்கும் துரையின் தோட்டத்துக்குத் தொழிலாளி கைமாறுவார். அவரோடு கடனும் தோட்டம் தோட்டமாகப் பயணம் செய்யும். 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், ஒருவர் தம் முன்னோர் பட்ட கடனுக்காக உழைக்கக் கட்டாயப்படுத்தப்படுவதையும் கொத்தடிமை முறை என்றே வரையறுக்கிறது. செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் தந்தை வாங்கிய முன்பணத்துக்காக மகன் வேலை செய்த நிலையைச் சட்டம் குற்றம் என்றது. கங்காணியும் முதலாளியும் செய்தால் கொடுமை என்று மேடையில் பேசுகிறோம். அதையே வீட்டுக்குள் நாமே செய்தால் பாசம் என்கிறோம். இது என்ன நியாயம்?

ஏழ்மைதான் இதற்குக் காரணம் என்று சிலர் சொல்வார்கள். காரணங்களில் அது ஒன்று. முழுக் காரணம் அன்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வளர்ந்த ஆக்ஸ்டன் பெட்ஸ்-ஹேமில்டன் என்பவரின் கதை இதற்குச் சான்று. 1993இல் அவருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, யாரோ ஒருவர் அவருடைய பெற்றோரின் அடையாளத்தைத் திருடிவிட்டதாகக் குடும்பம் நம்பத் தொடங்கியது. யார் என்று தெரியாததால் உறவினர்களையும் அண்டை அயலாரையும் சந்தேகித்து, அந்தக் குடும்பம் ஒதுங்கி வாழ்ந்தது. கல்லூரிக் காலத்தில் தனியாக வீடு எடுத்து மின்சார இணைப்புக்கு மனுச் செய்தபோதுதான், தம் பெயரிலும் பல ஆண்டுகளாகக் கடன் இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. அவருடைய கடன் அறிக்கை பத்துப் பக்கம் இருந்தது. அந்த அதிர்ச்சியே அவரை அடையாளத் திருட்டைப் பற்றி ஆராயும் கல்வியாளர் ஆக்கியது. 2013இல் தாயார் இறந்த பிறகு, தந்தை பழைய தாள்களைப் புரட்டியபோது மகள் பெயரிலான கடனட்டைக் கணக்கின் தாள் ஒன்று அகப்பட்டது. இருபது ஆண்டுகளாகத் தேடிய திருடர் அந்தத் தாயார்தான். 2019இல் அவர் அதைப் புத்தகமாக எழுதினார். அதற்கு மறு ஆண்டு எட்கர் விருது கிடைத்தது.

அந்தத் தாயார் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்க மகளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. கடனைவிட இதுதான் பெரிய இழப்பு என்று எனக்குப் படுகிறது. ஏமாற்று உயிரோடு இருக்கும் வீட்டில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகிக்கிறார்கள். உண்மையானவர் மட்டும் தப்பிக்கிறார். எங்கள் வீட்டில் அந்த வழக்கறிஞர் கடிதம் வந்த அன்றே உண்மை வெளியானது. அது வேதனைதான். ஆனால் என் அப்பாவிடம் "ஏன்?" என்று கேட்க முடிந்தது, அவரால் பதில் சொல்லவும் முடிந்தது.

இனி, எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருகிறேன். எங்கள் உறவினர் கூடிப் பேசியபோது பெரியம்மா கேட்டார்: "பெத்தவன் பேர்ல போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறியா? நாளைக்கு ஒனக்குக் கல்யாணம் காட்சி வேணாமா? பேசாம கட்டிட்டுப் போ." இதில் மூன்று அச்சங்கள் உள்ளன. அப்பா சிறைக்குப் போவார், குடும்ப மானம் போகும், பணத்தோடு போகட்டும். மூன்றும் நேர்மையான அச்சங்கள். எள்ளி நகையாடத் தக்கவை அல்ல.

முதலில் கடைசி அச்சம். பேசாமல் கட்டிவிட்டால் என்ன? முதல் தவணையைக் கட்டிய நாளிலேயே அந்தக் கடனை நாம் ஏற்றுக்கொண்டதாகப் பொருள் கொள்ள இடம் கொடுத்துவிடுகிறோம். நம் நாட்டில் ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஆறு ஆண்டுகளைத் தருகிறது. கடனாளி ஒரு பகுதியைக் கட்டினாலோ எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்த ஆறு ஆண்டுகள் புதிதாக எண்ணப்படும். பிறகு "என் கையெழுத்து இல்லை" என்று சொன்னால், "அப்படியானால் ஏன் கட்டினாய்?" என்ற கேள்வி வரும். அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. ஒரு பிள்ளை பேசாமல் கட்டிவிட்டால் அந்த வழி திறந்தே இருக்கும். எனக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான். அடுத்த ஆண்டு அவனுக்குப் பதினெட்டு வயது முடிகிறது.

அடுத்தது மானம். கடன் நிலுவை ஏறி வழக்காகி, தொகை 100,000 வெள்ளியைத் தொட்டுவிட்டால் ஒருவரைத் திவாலானவராக அறிவிக்கக் கோரலாம். திவாலானவர் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற முடியாது. நிறுவன இயக்குநராக முடியாது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் வீட்டுக்கடன் கிடைக்காது. நிதித்துறை வேலைக்குப் போகும்போது கடன் அறிக்கையைப் பார்க்கும் நிறுவனங்களும் உண்டு. தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறி இன்னும் சொந்த வீடு காணாத குடும்பங்கள் வட சிலாங்கூரில் எத்தனை! அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளப் பட்டியலோடு வங்கிக்குப் போய் வீட்டுக்கடன் கேட்கப் போகிறவர் பட்டம் பெறும் அந்தப் பிள்ளைதான். அந்தப் பெயரைக் கெடுத்தால் கெடுவது குடும்பத்தின் அடுத்த வீடு. மானம் எதில் இருக்கிறது என்று பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

முதல் அச்சமே கடினமானது. பிறர் கையெழுத்தைப் போட்டுக் கடன் வாங்குவது ஏமாற்று. அதற்குக் குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவும், ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் ஆவணம் செய்வதற்கு 468ஆவது பிரிவும் உள்ளன. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், குடும்ப உறுப்பினரின் உடைமையை நேர்மையற்ற முறையில் கையாடிப் பணநட்டத்தால் மனவேதனைக்கு ஆளாக்குவதையும் குடும்ப வன்முறை என்கிறது. ஆகவே, 'இது குடும்ப விவகாரம்' என்று சட்டம் ஒதுங்கிக்கொள்ளவில்லை. புகார் கொடுத்தால் விசாரணை வரும், அப்பாவை அழைப்பார்கள், வாக்குமூலம் வாங்குவார்கள். குற்றம் சாட்டுவதா இல்லையா என்பது அரசாங்க வழக்கறிஞர் தரப்பின் கையில் இருக்கிறது. பிள்ளையின் கையில் இல்லை. இதை மறைத்து "ஒன்றும் ஆகாது" என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் புகார் இல்லாமல் கடன் நிறுவனம் நம் பேச்சைக் கேட்காது என்பதும் உண்மை. நடந்ததை நடந்தபடி சொல்லும் புகார், பழிவாங்கும் புகார் அன்று. "இந்தத் தேதியில் இந்த ஒப்பந்தத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது அன்று" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு.

நான் புகார் கொடுத்தேன். நிறுவனத்திடம் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கினேன். கையெழுத்திட்ட தேதியில் நான் பல்கலைக்கழகத் தேர்வு மண்டபத்தில் இருந்தேன். வருகைப் பதிவையும் என் உண்மையான கையெழுத்து மாதிரிகளையும் சேர்த்துக் கடிதம் அனுப்பினேன். எட்டு மாதங்கள் ஆயின. மோட்டார் சைக்கிள் கடனிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். கைப்பேசி எண்கள் மூடப்பட்டன. மின்சாரப் பொருள் கணக்கை அப்பா தம் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்து மாதம் முந்நூறு வெள்ளி கட்டி வருகிறார். காவல் நிலையத்தில் அவரிடம் இரண்டு முறை வாக்குமூலம் வாங்கினார்கள். இதுவரை அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை. நான்கு மாதங்கள் அவர் என்னோடு பேசவில்லை. அந்த நான்கு மாதங்களும் எனக்குச் சுலபமாகக் கழிந்தன என்று யாரும் எண்ண வேண்டாம். அம்மா எங்கள் இருவருக்கும் தனித்தனியே சோறு போட்டார்.

இந்த நிலையில் உள்ள தோழர்களுக்கு நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் உங்கள் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பேங்க் நெகாராவின் இணையச் சேவையில் கட்டணம் இல்லை. கைப்பேசிக் கட்டணமும் தவணைக் கடைக் கணக்கும் அதில் இல்லாமல் போகலாம் என்பதால், தனியார் கடன் தகவல் அறிக்கையையும் பாருங்கள். 2010ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், தவறான பதிவைத் திருத்தக் கோரும் உரிமையை நமக்குத் தருகிறது. இரண்டாவது, தொலைபேசியில் அழைத்துப் பணம் கேட்பவரிடம் 'கட்டுகிறேன்' என்று சொல்லாதீர்கள். ஒப்பந்த நகலை எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது, நீதிமன்ற அழைப்பாணை வந்தால் இழுப்பறையில் போட்டு மூடாதீர்கள். கையில் கிடைத்த 14 நாளுக்குள் பதில் தாக்கல் செய்யாவிட்டால், நாம் இல்லாமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் உள்ளன. வங்கியின் இறுதிப் பதிலில் நியாயம் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் முறையிடலாம். 2025 சனவரி முதல் இயங்கும் அமைப்பு இது. பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கேளாமல் போட்ட கையெழுத்தும் கேட்டு வாங்கிய கையெழுத்தும் ஒன்றல்ல. "சும்மா ஒரு கையெழுத்துப் போடும்மா, கட்டறது நான்தானே" என்று அப்பா கேட்டு, நாம் அறிந்தே போட்டால் அது நம் கடன்தான். பிறகு யாரிடமும் முறையிட முடியாது. பிணைக் கையெழுத்தானால் ஒரு சிறு ஆறுதல் உண்டு. 2017இல் திருத்தப்பட்ட திவால் சட்டப்படி, ஆதாயம் பெறாமல் கல்விக்கடனுக்கோ, சொந்த வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் வழக்குப் போட்டுப் பணம் கேட்க முடியும். எனவே, போடுவதாக இருந்தால் 'இந்தப் பணத்தை இழந்தாலும் பரவாயில்லை' என்ற தெளிவோடு போடுங்கள். இல்லையேல் பணிவோடு மறுத்துவிடுங்கள்.

கடனை மறுப்பது வேறு. பெற்றோரைக் கைவிடுவது வேறு. என் வாதத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. அப்பாவின் கடனை என் கடன் என்று பொய்யாக ஏற்க மறுத்த நானே, அவரை ஏகேபிகே அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். 2006இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. அங்கே கட்டணம் இல்லை. அவர் பெயரில் ஏற்கெனவே இருந்த வங்கிக் கடனைத் தவணை குறைத்து அமைத்துக் கொடுத்தார்கள். விடுமுறையில் வேலை செய்து கிடைக்கும் பணத்தில் வீட்டுச் செலவுக்கு நானும் தருகிறேன். அது என் கையால், என் மனத்தால், எல்லாருக்கும் தெரியக் கொடுப்பது. அதுதான் பிள்ளையின் கடன். திருடி எடுத்தால் அது கடனும் அன்று, கொடையும் அன்று. கொடுக்கும் வாய்ப்பையே பிள்ளையிடமிருந்து பறிப்பது அது.

கடன் கொடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கடன் வாங்குகிறவரை நேரில் பார்க்காமல், ஒரு நகலையும் சம்பளப் பட்டியலையும் வைத்துக்கொண்டு ஒப்புதல் தரும் முகவர் இருக்கும்வரை இந்தக் குற்றம் சுலபம். சம்பளமே இல்லாத மாணவிக்குச் சம்பளப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று என் விஷயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வட்டி முதலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1951ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டப்படி உரிமம் பெற்றவர்கூட, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. நம் வட்டாரத்தில் மின்கம்பம்தோறும் தொலைபேசி எண் ஒட்டியிருப்பவர்கள் மாதத்துக்கே அதைவிட அதிகம் கேட்கிறார்கள். அப்பாக்கள் பிள்ளைகளின் பெயரைத் தொடுவதற்கு முன் இவர்களின் மிரட்டல் அவர்களைத் தொட்டுவிடுகிறது.

நம் தமிழ் அமைப்புகள் இதற்கு என்ன செய்யலாம்? கோயில் மண்டபத்தில் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒரு மாலை அதே மண்டபத்தில் ஏகேபிகே அதிகாரி ஒருவரை அழைத்துத் தமிழில் பேச வைக்கலாம். நம் தமிழ்ப் பேரவை, புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே கடன் அறிக்கை எடுக்கக் கற்றுக் கொடுக்கலாம். அடையாள அட்டை நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்கு என்று எழுதிக் கொடுக்கும் பழக்கத்தைத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டிலேயே சொல்லித் தரலாம். பன்னிரண்டு வயதில் அட்டை கையில் வருகிறது. அதன் மதிப்பையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடன் நெருக்கும்போது பிள்ளையிடம் சொல்லுங்கள். படித்த பிள்ளையால் உடனே பணம் தர முடியாமல் போகலாம். ஆனால் படிவம் நிரப்ப முடியும், கடிதம் எழுத முடியும், அலுவலகத்துக்குத் துணை வர முடியும். இதற்குத்தானே எங்களைப் படிக்க வைத்தீர்கள்?

தோழர்களே, தோட்டத்தில் பிறந்த நம் பாட்டன் பாட்டி பலர் கைநாட்டு வைத்தவர்கள். நம் தலைமுறைதான் எழுத்தறிந்து, தன் பெயரைத் தானே எழுதும் தலைமுறை. அந்தக் கையெழுத்தை வேறு யாரும் போட இடம் கொடாதீர்கள். யாராவது போட்டுவிட்டால், "இது நான் எழுதியதன்று" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.